கீழ்த்திசை ஞானிகளும் திருக்காட்சிப் பெருவிழாவும்



ஞானிகளின் வருகையைப் பற்றி எழுதச் சொன்னால் வகுப்பில் அநேகமானோர் எழுதும் விடை இது: "மூன்று அரசர்கள் ஒட்டகத்தில் ஏறி மாட்டுத் தொழுவத்துக்கு வந்தனர்." இந்த ஒரே வாக்கியத்தில் நற்செய்தி சொல்லாத நான்கு விடயங்கள் உள்ளன. தோட்டத்து ஆலயத்தில் பாலன் குடிலைப் பார்த்துப் பழகியதால் இத்தவறு நேர்கிறது. வேதாகமம் கூறுவதையும் மரபு கூறுவதையும் பிரித்தறிந்தால் புள்ளிகளை இழக்கமாட்டீர்கள்.

1. நற்செய்தி கூறுவது

இந்நிகழ்வு மத்தேயு 2:1-12இல் மட்டுமே உள்ளது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், யூதர்களின் அரசராகப் பிறந்தவர் எங்கே என்று எருசலேமில் விசாரித்தனர். ஏரோது அரசன் கலங்கினான். குருக்களும் மறைநூல் அறிஞரும் மீக்காவின் இறைவாக்கை எடுத்துக்காட்டி, "பெத்லகேம்" என்றனர். ஞானிகள் விண்மீனைப் பின்தொடர்ந்து, ஒரு வீட்டினுள் பிள்ளையைத் தாயுடன் கண்டு வணங்கினர். கனவில் எச்சரிக்கப்பட்டதால் ஏரோதிடம் திரும்பாமல் வேறு வழியாக ஊர் போயினர்.

கத்தோலிக்கர் "ஞானிகள்" என்றும் பழைய வேதாகமத்தை வாசிக்கும் சபையார் "சாஸ்திரிகள்" என்றும் கூறுவர். ஒரே லயத்தில் இரு சொற்களும் உங்கள் காதில் விழும். இரண்டும் ஒருவரையே குறிக்கும்.

2. மரபு சேர்த்தவை

• மூவர்: காணிக்கைகள் மூன்று என்பதால் ஞானிகளும் மூவர் எனப்பட்டனர். கீழைத் திருச்சபைகளின் சில மரபுகளில் பன்னிருவர் என்பர்.
• அரசர்கள், ஒட்டகங்கள்: திருப்பாடல் 72, எசாயா 60 ஆகியவற்றின் வழியே வந்தவை.
• பெயர்கள்: கஸ்பார், மெல்கியோர், பல்தசார். இவை பிற்கால வழக்கு.

3. காணிக்கைகளின் பொருள்

• பொன் – இயேசு அரசர்
• சாம்பிராணி – இயேசு இறைவன்
• வெள்ளைப்போளம் – அவரது பாடுகளும் மரணமும் (உடலை அடக்கம் செய்யப் பயன்பட்டது)

4. பெருவிழா

"திருக்காட்சி" என்பது வெளிப்படுத்தலைக் குறிக்கும். யூதரல்லாதோருக்கும் இயேசு வெளிப்பட்டார் என்பதே இவ்விழாவின் மையக் கருத்து. இதன் நாள் ஜனவரி 6. பல நாடுகளில் அண்மித்த ஞாயிறில் கொண்டாடுவர். ஸ்பெயினில் பிள்ளைகளுக்குப் பரிசு கிடைப்பது இந்நாளில்தான். ஐரோப்பாவின் சில பகுதிகளில் வீட்டு வாசலின்மேல் ஆண்டையும் மூவரின் முதலெழுத்துகளையும் வெண்கட்டியால் எழுதுவர். கோவாவில் 1555இல் கட்டப்பட்ட ரெய்ஸ் மாகோஸ் ஆலயத்தின் திருவிழாவில் மூன்று சிறுவர்கள் அரசர் வேடமிட்டுக் குதிரையில் வருவர்.

நம் நாட்டில் மன்னார்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்து மரபில் "மூவிராசாக்கள் நாடகம்" உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த இந்நாடகம் 1966இல் நூலாக வெளிவந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோணியேறிய நம் முன்னோரில் பலர் இறங்கியதும் அதே மன்னார்க் கரையில்தான். அங்கிருந்து அவர்கள் காட்டுப் பாதையில் மலைநாட்டுக்கு நடந்தார்கள். தூர தேசத்துப் பயணம் நமக்குப் புதிய கதையன்று.

5. சிந்திக்க

எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர்தான். சரியான விடையை அறிந்திருந்த மறைநூல் அறிஞர்கள் அங்கு சென்றதாக மத்தேயு கூறவில்லை. மறைநூல் அறியாத அந்நியர்களோ பல நாள் பயணம் செய்து வந்தனர். ஏரோதின் அதிகாரத்துக்கும் அவர்கள் பணியவில்லை. விடை தெரிந்திருப்பது ஒன்று, அதன்படி எழுந்து நடப்பது வேறொன்று. பரீட்சைக்கு முதலாவது போதும். வாழ்க்கைக்கு இரண்டாவதும் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. ஞானிகளின் வருகை இடம்பெறும் நற்செய்தி யாது?
2. மூன்று காணிக்கைகளையும் அவற்றின் பொருளையும் எழுதுக.
3. மரபில் மட்டும் காணப்படும் இரு விடயங்களைத் தருக.
4. ஞானிகளையும் மறைநூல் அறிஞரையும் ஒப்பிட்டு, உமது வாழ்வுக்கான படிப்பினை ஒன்றை விளக்குக.