110-3: சூடா, வயரா?

பொக்லைன் வைத்திருக்கும் மச்சான் ஒருவர் போன கோடையில் போன் செய்தார். (நம்மூரில் செயின் வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் 'ஹிட்டாச்சி' அல்லது 'பொக்லைன்'தான். டயர் போட்டதெல்லாம் 'ஜேசிபி'.) மானிட்டரில் 110-3 என்று வருகிறது, பக்கத்தில் கூலன்ட் டெம்பரேச்சர் என்று இருக்கிறது, இன்ஜின் இழுவை குறைந்துவிட்டது. ஹீட் ஆகிறது என்று நினைத்து ஆபரேட்டர் ரேடியேட்டரைப் பார்த்திருக்கிறார். தண்ணி சரியாகத்தான் இருந்தது. மறுநாள் மெக்கானிக் வந்து சென்சாரை மாற்றினார். கோடு போகவில்லை. "இசியு போயிருக்கும், லட்சத்துல செலவாகும்" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் போன். "மாப்ள, நீ கம்ப்யூட்டர்ல இருக்கிறவன்தானே, இதுவும் கம்ப்யூட்டர்தானாம்" என்றார். மறுக்க முடியவில்லை.

அந்த எண்ணில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. முதல் பாதி எஸ்பிஎன், எதைப் பற்றிய புகார் என்று சொல்லும். 110 என்றால் கூலன்ட் வெப்பநிலை, 100 என்றால் ஆயில் பிரஷர், 168 என்றால் பேட்டரி வோல்டேஜ். இரண்டாம் பாதி எஃப்எம்ஐ, என்ன மாதிரியான புகார் என்று சொல்லும். கனரக வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜே1939 என்ற தரநிலையில் வருவது இது. ஒரு கோடுக்கு மொத்தம் 32 பிட். எஸ்பிஎன்னுக்கு 19, எஃப்எம்ஐக்கு 5, எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கைக்கு 7, மிச்சம் ஒன்று எண்ணை எந்த முறையில் படிப்பது என்பதற்கு. கோடு உயிரோடு இருக்கும்வரை இந்தச் செய்தி விநாடிக்கு ஒரு முறை லைனில் போய்க்கொண்டே இருக்கும்.

எல்லாரும் முதல் பாதியைப் படிக்கிறார்கள். விஷயம் இருப்பதோ இரண்டாம் பாதியில். 110-0 என்றால் அளவீட்டை நம்பலாம், இன்ஜின் நிஜமாகவே சூடு, உடனே நிறுத்த வேண்டும். 110-3 என்றால் அளவீட்டையே நம்ப முடியவில்லை, வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகம். ஒன்று இன்ஜினைப் பற்றிய செய்தி, மற்றொன்று வயரைப் பற்றிய செய்தி. எல்லாக் கம்பெனியும் இப்படிக் காட்டுவதில்லை. கம்மின்ஸ் இன்ஜினில் இதே 110-3க்கு 144 என்று எண், 110-0க்கு 151. கொமாட்சு மானிட்டரில் அதுவே சிஏ144 என்று வரும். மேனுவலைத் திறந்தால் பின்னால் இதே பிரிவினைதான்.

சரி, வோல்டேஜ் ஏன் அதிகமாகிறது? கூலன்ட் சென்சார் என்பது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் ஒரு சின்ன துண்டு, அவ்வளவுதான். இசியு உள்ளிருந்து 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்புகிறது. சென்சார் அதை எர்த் பக்கம் இழுக்கிறது. நடுவில் நிற்கும் வோல்டேஜைத்தான் இசியு 'வெப்பநிலை' என்று படிக்கிறது. வயர் அறுந்தால் கீழே இழுக்க ஆளில்லை, பின் 5 வோல்ட்டுக்குப் போய்விடும்: எஃப்எம்ஐ 3. வயர் பாடியில் உரசி எர்த் ஆனால் 0 வோல்ட்: எஃப்எம்ஐ 4. இங்கேதான் பெயர் குழப்புகிறது. 3க்குத் தரநிலை கொடுத்திருக்கும் விளக்கம் 'வோல்டேஜ் அதிகம், அல்லது மேல் வோல்டேஜோடு ஷார்ட்'. இதைப் படித்துவிட்டு 24 வோல்ட் லைன் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடி ஒரு நாள் போய்விடும். நிஜத்தில் பெரும்பாலும் வயர் விட்டுப்போயிருக்கும். 'ஓப்பன் சர்க்யூட்' என்று பெயரிலேயே சொல்வது எஃப்எம்ஐ 5. ஆனால் அது இசியு தானே கரண்ட் அனுப்பி ஓட்டும் சோலனாய்டு மாதிரி இடங்களில் வருவது. ஒரே அறுந்த வயர், சென்சாரில் 3, சோலனாய்டில் 5.

இது புரிந்துவிட்டால் சோதனை தானாக வருகிறது. மச்சானிடம் போனிலேயே சொன்னேன். கப்ளரைக் கழற்றி, வயர் பக்கமுள்ள இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு, மானிட்டரைப் பாருங்கள் என்றேன். (இந்த வித்தை இரண்டு வயர் வெப்பநிலை சென்சாருக்கு மட்டும். மூன்று வயர் பிரஷர் சென்சாரில் செய்தால் 5 வோல்ட் சப்ளையையே ஷார்ட் செய்து வைப்பீர்கள்.) 110-3 போய் 110-4 வந்தது. அதாவது நாங்கள் செய்த ஷார்ட்டை இசியு சரியாகப் பார்த்துவிட்டது. இசியு நல்லது, அங்கிருந்து கப்ளர் வரை வயரும் நல்லது. லட்ச ரூபாய் சந்தேகம் ஒரு சாண் வயரில் தீர்ந்தது.

மிச்சம் சென்சார். டூல் பாக்ஸில் கிடந்த பழையதையும் புதியதையும் மல்டிமீட்டரில் பார்க்கச் சொன்னேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓம். பழையது கெடவே இல்லை! சென்சார் நல்லது, வயர் நல்லது, இரண்டையும் சேர்த்தால் மட்டும் 'ஓப்பன்' என்றால், சேரும் இடத்தைத் தவிர வேறு என்ன? கப்ளருக்குள் ஒரு டெர்மினல் வாய் அகன்று, களிம்பும் பூத்திருந்தது. அகன்றது அதிர்வாலா, யாரோ மல்டிமீட்டரின் தடிமனான முனையை உள்ளே விட்டுக் குத்தியதாலா, தெரியாது. எனக்குச் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான். டெர்மினலை மாற்றினார்கள், கோடு போயிற்று.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு கோடு வந்தால் பயப்படத் தேவையில்லை, உண்மையில் அது நல்ல செய்தி. நான்கு சென்சார் ஒரே நிமிடத்தில் கெடாது. அவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்கணும். பல பிரஷர் சென்சார்கள் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பங்குபோட்டிருக்கும். ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாம் சேர்ந்து கத்தும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது மற்றவை அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சே இல்லை என்று கோடு வந்தால் கேன் லைன். போஷ் 1986ல் அறிமுகப்படுத்திய இந்த இரட்டை வயரின் இரு முனையிலும் தலா 120 ஓம் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு வயருக்கும் நடுவே அளந்தால் 60 வரணும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள்.

மல்டிமீட்டர் ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. பல இழை வயரில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும், கரண்ட் ஓடாதபோது அது முழு 24 வோல்ட்டைக் காட்டும். ஒரு ஹெட்லைட் பல்பை லோடாக மாட்டிவிட்டு அளந்தால்தான் குட்டு வெளிப்படும். பூம் அடியில் ஹார்னஸ் மடங்கும் இடங்களில் இது அடிக்கடி.

மச்சான் வண்டியில் எனக்குக் கிடைக்காமல் போனது ஒன்றுதான். முதல் நாளே யாரோ கோடுகளை அழித்திருந்தார்கள். அந்த 7 பிட் எண்ணிக்கை இருந்திருந்தால், 110-3 அன்றுதான் முதல்முறை வந்ததா, இல்லை பல மாதமாக விட்டுவிட்டு வந்துகொண்டிருந்ததா என்று தெரிந்திருக்கும். இப்போது ஆபரேட்டர் எதையும் தொடுவதற்கு முன் மானிட்டரைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியானாலும்.