குழந்தை நல ஆய்வு நிதி: குடியுரிமை கேளாத ஒரு கதவு

சார்ஜாவின் ரோலா சதுக்கத்தில் நின்ற பெரும் ஆலமரம் 1978இல் சாய்ந்தது; பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. விடுமுறை நாட்களில் அங்கு கூடும் எம்மவரின் பேச்சு பெரும்பாலும் விசா, சம்பளம் பற்றியதே. மருத்துவம் கற்ற எம் பிள்ளைகளின் கவலையோ வேறு. குழந்தை நோய்களை ஆராய விரும்பும் இளம் வைத்தியருக்கு யார் நிதி தருவர்?

அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரிலுள்ள திராஷர் ஆய்வு நிதியம், 1977இல் தோன்றி, சிறுவர் மருத்துவ ஆய்வுக்கெனவே பொருள் வழங்கி வருகின்றது. இளம் ஆய்வாளருக்கான அதன் நிதிக்குக் குடியுரிமை நிபந்தனை கிடையாது. கடவுச்சீட்டே கேள்விக்குறியான எமக்கு இது சிறு செய்தியன்று. முதலில் சுருக்கமான கருத்துரு அனுப்பவேண்டும். அது தெரிவானால் மட்டுமே முழு விண்ணப்பம் கோரப்படும்.

ஆயினும் அனுபவமிக்க வழிகாட்டி ஒருவர் வேண்டும். பணமும் ஆய்வு நடைபெறும் நிறுவனத்தின் வழியாகவே வரும். இடறல் இங்குதான். பட்டம் அங்கீகரிக்கப்படாமல் கடையில் கணக்கெழுதும் வைத்தியருக்கு நிறுவனம் ஏது?

ஆதலால், நிதியைத் தேடுமுன் பேராசிரியரைத் தேடுங்கள் என்போம். 1997இல் தொடங்கப்பெற்ற சார்ஜா பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்லூரியும் உண்டு. கடிதத்தில் வேலை கேளாது, ஆராய விரும்பும் ஒரேயொரு கேள்வியை முதற் பந்தியிலேயே எழுதுக.