பளபளப்புக்குக் கீழே

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. அந்த விலையில்தான் வாப்பா மதுரங்குளியில் பழைய வேன் ஒன்றை வாங்கினார். புதுப் பெயின்ட் பளபளத்தது. சில மாதங்களில் கோடுகள் தெரிந்தன. “பொலிஷ் போட்டால் போகும்” என்றார் விற்றவர். வாப்பா வேறொரு பெயின்ட் பாஸிடம் காட்டினார். நானும் கூட நின்று கேட்டேன்.

கீறலில் தண்ணீர் தடவ மறைந்தால், அது மேலுள்ள லேக்கரில் மட்டும், பொலிஷ் போதும். நகம் சிக்கினால் ஆழமானது. மீண்டும் பெயின்ட் பூச வேண்டும். வெயிலில் மின்னும் சிலந்திவலைக் கோடுகள் அழுக்குத் துணியால் வந்தவை. பெயின்டுக்கு அடியில் தெரியும் நேர்கோடுகள் சேன்ட் பேப்பர் தடங்கள். சக்கரத்துக்கு மேல் கொப்புளமென்றால் பெரும்பாலும் உள்ளே துரு. உப்புக்காற்று அதை வளர்க்கும்.

எங்கள் வேனில் இருந்தது கொப்புளம். பொலிஷுக்கு வைத்த காசு துரு சுரண்டப் போனது. சகோதரிகளே, வாங்குமுன் தடவிப் பாருங்கள்.