நிவாரணம் வந்தால் மனக்கசப்பு ஏன்?



2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை.

இப்படி ரோடு அடைபட்டால் நிவாரண வண்டி மெயின் ரோட்டோடு நின்றுவிடும். முன்னால் நிற்பவருக்கு இரண்டு பங்கு, கீழ் லைன் வீட்டுக்கு ஒன்றுமில்லை. "அவங்களுக்கு மட்டும் எப்படி?" என்ற பேச்சு அங்கேதான் கிளம்புது. பிறகு ஒரே குழுவுக்குள்ளேயே முகம் பார்க்க மாட்டார்கள்.

கொடுக்கிற பொருளாலும் கசப்பு வரும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் ரோட்டோரம் குவிந்து கிடந்தன. கட்ட முடியாத துணியை வேண்டாம் என்பது திமிர் இல்லை என்பதே எங்கள் எண்ணம். நம்ம குளிருக்கும் நைந்த சேலை எதுக்கு? கம்பளி வேணும்.

அதனால் மழைக்கு முன்பே குழுக் கூட்டத்தில் வீட்டு வாரியாகப் பட்டியல் எழுதுங்க. கைக்குழந்தை, கர்ப்பிணி, தனியா இருக்கிற பாட்டி, வீட்டுக்குப் பின்னால் மண்மேடு, எல்லாம் வரட்டும். குழுவில் சேராத வீட்டையும் விடாதீங்க. ஒரு நகல் வி.ஏ.ஓ.விடம் இருக்கட்டும். வண்டி வந்தால் பட்டியலைக் காட்டி, தூரத்து லைனிலிருந்து தொடங்கச் சொல்லுங்க. வாங்கியவர் கையெழுத்து போடணும்.

வீடு இடிந்தால் மண்ணை அள்ளும் முன் போட்டோ எடுத்து மனுவோடு கொடுங்க. அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.