ஒப்புக்குச் சப்பாணி

எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால், கார் நிறுத்தும் வெட்டவெளியில் ஒரு போர்டு தொங்குகிறது: 'இங்கே பந்து விளையாடக் கூடாது.' போன வருஷம் சங்கக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் அடியேனும் ஒருவன். கார் வாங்கி மூன்றே மாதம். கதவில் ஒரு கீறல். பி.காம். புத்தி உடனே செலவுக் கணக்கில் எழுதிவிட்டது!

சமீபத்தில் என் எட்டு வயசுப் பையனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று கண் டாக்டரிடம் போனோம். கிட்டப்பார்வை. "தினமும் எவ்வளவு நேரம் வெளியே விளையாடறான்?" என்றார். "லிஃப்ட்டுக்கு வெளியேயா டாக்டர்?" என்று கேட்க வாய் வரை வந்தது.

சிரிக்கிற விஷயமில்லை. பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறதாம். தைவானில் 2010-லேயே, பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிஷம் வெளியே இருக்கட்டும் என்று திட்டம் போட்டுவிட்டார்கள். (வந்த பவர் அதனால் போய்விடாது. டாக்டர் அதையும் சொல்லித்தான் ஃபீஸ் வாங்கினார்.)

கண்ணை விடுங்கள். நாங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடியபோது சட்டம் எழுதியது எந்தப் பெரியவரும் இல்லை. மாடிக்குப் போனா அவுட். முதல் பந்து ட்ரையல். பேட் கொண்டு வந்தவன்தான் ஓப்பனிங். ஒரு ஆள் கூடினால் அவன் ரெண்டு பக்கமும் ஆடுவான். எவனாவது தம்பியை இடுப்பில் தூக்கி வந்தால், அந்தப் பொடியன் 'ஒப்புக்குச் சப்பாணி'. அவுட்டானாலும் அவுட் இல்லை, ரன் எடுத்தாலும் கணக்கில்லை. ஆனால் ஆட்டத்தில் உண்டு! அந்தப் பதவியில் நானே இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். மாசாமாசம் பணம் கட்டிச் சேர்க்கும் கோச்சிங் கேம்ப்பில் இந்த அட்மிஷன் கிடையாது, சார்.

மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டுக் கட்டட விதி. எங்களுடையது சுண்டைக்காய் மனை. பிள்ளைகளுக்கு உள்ள ஒரே இடம் அந்த வெட்டவெளிதான்.

இந்த வருஷக் கூட்டத்தில் எழுந்தேன். "நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ஆபீஸ் போன கார் எதுவும் திரும்பறதில்லை. அந்த நேரம் பசங்க ஆடட்டுமே?"

"போர்டு வைக்கக் கை தூக்கினதே நீங்கதானே சார்?" என்றார் முதல் மாடி மாமா.

"ஆமாம் மாமா. தப்புப் பண்ணிட்டேன்."

"கண்ணாடி உடைஞ்சா?"

"நான் தரேன்."

போர்டுக்குக் கீழே 'மாலை 4.30 முதல் 6 வரை நீங்கலாக' என்று சாக்பீஸில் எழுதினார்கள். மறுநாளே பதினோரு பிள்ளைகள். இரண்டாம் மாடிப் பாப்பாவுக்கு நாலு வயசு. அவளுக்கும் பேட்டிங் கொடுத்தார்கள்.

நான் வீட்டிலிருந்தே எழுதுகிறவன். ஆகவே அங்கே நின்ற ஒரே கார் என்னுடையது. மூன்றாவது ஓவரில் சைடு மிரர் போயிற்று.

பிள்ளைகள் உறைந்து நின்றார்கள். என் பையன் மட்டும் புதுக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கேட்டான்:

"அப்பா, மிரர்ல பட்டா அவுட்டா, ஃபோரா?"