தீக்கோழியின் முட்டைக் குழாய்

தென்னாபிரிக்காவில் லிட்டில் கரூ என்னும் வறண்ட பிரதேசத்தில் 19ஆம் நூற்றாண்டு முதல் தீக்கோழி வளர்ப்பு ஒரு தொழிலாக நடைபெற்று வருகின்றது. இதன் முட்டை ஏறத்தாழ 1½ கிலோகிராம் நிறையுள்ளது. பொரிப்பதற்கு ஏறத்தாழ 42 நாட்கள் செல்லும். கருக்கட்டாத முட்டையை அடைவைப்பின் அத்தனை நாட்களும் வீணாகும். ஆதலின் முட்டை உருவாகும் குழாயை நுணுக்குக்காட்டியினால் ஆராய்தல் அவசியமாயிற்று.

குழாயின் அமைப்பு

வீட்டுக் கோழியைப் போலவே தீக்கோழியிலும் இடப்பக்கச் சூலகமும் இடப்பக்க முட்டைக் குழாயும் மட்டுமே தொழிற்படுகின்றன. குழாய் ஐந்து பகுதிகளை உடையது.

புனல் போன்ற முதற் பகுதி மஞ்சட்கருவை ஏந்திக்கொள்ளும். கருக்கட்டல் நிகழ்வதும் இங்கேயே. இரண்டாம் பகுதி மிக நீளமானது. இதன் உட்சுவர் மடிப்பு மடிப்பாக அமைந்துள்ளது. மடிப்புகளின் மேற்பரப்பில் பிசிருள்ள கலங்களும் சுரக்குங் கலங்களும் கலந்து நிற்கும். அவற்றின் கீழே நுண்ணிய குழாய்வடிவச் சுரப்பிகள் நெருங்கியிருக்கும். வெண்கருவின் புரதத்தைப் பெரும்பாலும் சுரப்பவை இச்சுரப்பிகளே. மூன்றாம் பகுதியில் ஓட்டின் உட்சவ்வு உண்டாகின்றது. நான்காம் பகுதியாகிய ஓட்டுச் சுரப்பியிலேயே முட்டை நெடுநேரம் தங்குகின்றது. இரத்தத்திலிருந்து வரும் கல்சியம் அங்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பான ஓடாகப் படிகின்றது. ஐந்தாம் பகுதி முட்டை வெளியேறும் வழியாகும்.

விந்தின் களஞ்சியம்

இவ்வழியின் தொடக்கத்தில், ஓட்டுச் சுரப்பியை அடுத்து, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிறு சுரப்பிகள் உள்ளன. தீக்கோழியில் இவற்றின் அமைப்பை விவரிக்கும் ஆய்வு 1995இல் வெளியாயிற்று. கமக்காரர் விதைநெல்லைச் சேமித்து வைப்பதுபோல இச்சுரப்பிகள் ஆண் பறவையின் விந்தைச் சேமித்து வைக்கின்றன. ஒருமுறை இணைந்த பேடு பின்னர் பல நாட்களுக்குக் கருவுள்ள முட்டைகளை இடுவது இதனாலேயே. ஆண் பறவையை மாற்றிய உடனே கிடைக்கும் குஞ்சுகள் பழைய ஆணின் வழிவந்தவையாகவும் இருக்கலாம்.

கோழி வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

வீட்டுக் கோழியிலும் இத்தகைய சுரப்பிகள் உண்டு. அவற்றில் விந்து இரண்டு அல்லது மூன்று வாரம் வரை உயிருடன் இருக்கும். ஆகவே, நல்லினச் சேவலை விடுவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்:

1. பழைய சேவலை முற்றாக நீக்குக.
2. அதன்பின் மூன்று வாரம் வரை இடப்படும் முட்டைகளை அடைவையாது உணவுக்குப் பயன்படுத்துக.
3. தோல்முட்டை இடும் பேடுகளுக்குச் சிப்பித்தூள் கொடுத்து வருக. ஓட்டுக்கு வேண்டிய கல்சியம் அதிலுண்டு.

மூன்று வாரம் பொறுத்திருப்பவர் தாம் தெரிந்தெடுத்த சேவலின் குஞ்சுகளையே பெறுவர்.