கருணாபுரம் குடித்தது சாராயம் அல்ல

நான்கு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் சாப்பாட்டுக்கு வந்துவிடும். கேரளாவுக்குச் சுற்றுலா போய்வந்தவர் கள்ளுக்கடையில் தின்ற கப்பையையும் மீன்கறியையும் நாக்கில் எச்சில் ஊறச் சொல்வார். கோவா போனவர் ஃபெனியை எடுப்பார். முந்திரிப் பழத்தில் வடிக்கும் அந்தச் சரக்குக்கு 2009இல் புவிசார் குறியீடே கிடைத்தது. மத்தியப் பிரதேச அரசு பழங்குடியினரின் இலுப்பைப்பூச் சாராயத்துக்குப் ‘பாரம்பரிய மது’ என்று பெயர் சூட்டிப் பாட்டிலில் அடைத்திருக்கிறது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் நம்மூர்க்காரர் ஒருவர், “கல்வராயன்மலைப் பட்டைக்கு முன்னால இதெல்லாம் எந்த மூலைக்கு?” என்பார். கடையே சிரிக்கும்.

பேச்சில் குற்றமில்லை. ஊருக்கு ஊர் சோறும் குழம்பும் மாறுகிற மாதிரிதான் குடியும் மாறும். ஆனால், அதே பெஞ்சில் காலனியைச் சேர்ந்த ஒருவர் உட்கார்ந்து, வறுத்த குடலுக்கும் உப்புக்கண்டத்துக்கும் எது பொருத்தம் என்று ஆரம்பித்துப் பார்க்கட்டும். அடுத்த வார்த்தை என்ன வரும் என்று நமக்குத் தெரியும்: “அதான் குடிச்சிட்டுக் கொத்துக் கொத்தா செத்தீங்களே.”

அப்படிச் சொல்பவர் எவருக்கும் கருணாபுரத்தில் என்ன விற்கப்பட்டது என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை.

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் வாங்கிக் குடித்தவர்கள் வயிற்றெரிச்சல், வாந்தி, கண் மங்கல் என்று விழத் தொடங்கினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். செத்தவர்களில் பெண்கள் உண்டு, ஒரு திருநங்கையும் உண்டு. கள்ளக்குறிச்சி, புதுச்சேரி ஜிப்மர், சேலம், முண்டியம்பாக்கம் என்று நான்கு இடங்களில் சவக்கிடங்கு வாசலில் நம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கருணாபுரம் காட்டுக்குள் இருக்கும் ஊரில்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நகர்ப் பகுதி.

எல்லோரும் இதைக் ‘கள்ளச்சாராயச் சாவு’ என்று எழுதினோம். அந்தச் சொல்லில்தான் சிக்கல். சாராயம் என்றால் ஊறல் வேண்டும். மலையில் எப்படிச் செய்கிறார்கள் என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் ரகசியமில்லை. ‘கல்வராயன்மலையில் சாராய ஊறல் அழிப்பு’ என்று மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் செய்தியே பாதிச் செய்முறையைச் சொல்லிவிடும். வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய், தண்ணீர். பேரலில் ஊறப்போட்டு நுரைத்து அடங்கியதும் அடுப்பேற்றி, எழும் ஆவியைக் குளிரவைத்து இறக்குவது. வெல்லம் நொதித்தால் உண்டாவது எத்தனால். கடையில் சீல் வைத்து விற்கும் குவார்ட்டரில் இருப்பதும் அதுவேதான். அதுவும் உடம்பைக் கெடுக்கும், குடும்பத்தை அழிக்கும்; மறுக்கவில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு தெருவையே சாய்க்காது.

கருணாபுரத்து பாக்கெட்டில் இருந்தது மெத்தனால். பெயின்ட், தின்னர், பசை, ரசாயனம் செய்யும் ஆலைகளுக்குப் போகும் பொருள். அதை எந்த மலைவாசியும் பானையில் காய்ச்ச முடியாது. டேங்கரிலும் டிரம்மிலும் வந்து, கைமாறிக் கைமாறி, கடைசியில் தண்ணீர் கலந்து பாக்கெட்டில் கட்டப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பம் மீனவர்களையும் செங்கல்பட்டு மாவட்டத்துக் கூலிக்காரர்களையும் கொன்றதும் அதே மெத்தனால்தான். ஒரு ஆண்டு முழுக்க எச்சரிக்கை இருந்தது.

மெத்தனாலின் கொடுமை அது உடனே காட்டிக்கொள்ளாதது. குடித்தவருக்கு வழக்கமான போதைதான் தெரியும். கல்லீரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக மாற்றப் பல மணி நேரம் ஆகும். சிவப்பு எறும்புக் கடியில் இருக்கும் அதே அமிலம். அது முதலில் தாக்குவது கண் நரம்பை. பத்து மில்லி பார்வையைப் பறிக்கப் போதும், முப்பது மில்லி உயிரை எடுக்கலாம். அதாவது, காலையில் குடித்தவர் ராத்திரி வரை நன்றாக நடமாடுவார். மறுநாள் சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்தார்கள் என்று செய்தி வந்தபோது பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அன்று மாவட்ட நிர்வாகமே முதலில் ‘சாவுக்குக் காரணம் சாராயமில்லை’ என்று சொல்லியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசாங்கம் சொன்னதை நம்பியவன் முட்டாளா?

குடித்தவர்கள் ஏன் பாக்கெட்டுக்குப் போனார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2024 பிப்ரவரியில் டாஸ்மாக்கின் சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. பாக்கெட் ஐம்பது, அறுபது. டாஸ்மாக் கடை மதியம் பன்னிரண்டுக்குத் திறக்கும். விடியற்காலை மூட்டை தூக்கியவருக்கும் சாக்கடையில் இறங்க வேண்டியவருக்கும் பாக்கெட் விடிவதற்கு முன்பே கையில் கிடைக்கும். தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டால், கள்ளுக்கடை மீன்கறி வீடியோ பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு ரூபாய் ஊறுகாய் பாக்கெட், இல்லையென்றால் உப்பு. வெறும் வயிற்றில் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போகிற குடிக்கு ‘உணவுப் பண்பாடு’ என்று பெயர் வைக்க யாரும் வரமாட்டார்கள்.

பண்பாடு நமக்கும் இல்லாமல் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் நெல்லிலிருந்து கள் செய்யும் முறை வரி வரியாக இருக்கிறது: அரிசிக் களியைத் துழாவி ஆறவைப்பது, முளை அடையை இடித்துக் கலப்பது, இரண்டு பகலும் இரண்டு இரவும் ஊறவிடுவது, சாடியில் முதிரவைப்பது, சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுப்பது. அதியமான் தனக்குக் கள் ஊற்றிக் கொடுத்ததை அவன் இறந்த பிறகு ஒளவை நினைத்து அழுகிறாள். முதுகலை வகுப்பில் இதைப் பாடமாக நடத்தும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. சுட்ட மீனும் கள்ளும் ஏட்டில் இருந்தால் இலக்கியம். வயல் நண்டும் நத்தையும் காலனி அடுப்பில் வெந்தால் மூக்கைப் பொத்துகிறார்கள்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கள்ளக்குறிச்சிச் சீமை கரும்புச் சீமை. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். கரும்பு வெட்டும் கைகள் பெரும்பாலும் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்துதான் இந்த நாட்டில் எரிசாராயம் வடிக்கிறார்கள். அதில் நிறமும் மணமும் சேர்த்தால் ‘சீமைச் சரக்கு’. காய்ச்சுவதற்கு அடுப்புக்குப் பதில் பெரிய ஆலை, ஊறலுக்குப் பதில் ராட்சதத் தொட்டி, போலீசுக்குப் பதில் கலால் அதிகாரி. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். கரும்பு வெட்டிய கூலி எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்று தெரிகிறதல்லவா?

நான் மதுவிலக்குக் கட்சி. அம்பேத்கரிய இயக்கத்தில் வளர்ந்த யாரும் குடியைக் கொண்டாட முடியாது. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்கு வந்த பெண்களின் கோபம் நம் வீட்டுக் கோபம். ஆனால் மதுவிலக்கு பேசுகிறவர்கள் மெத்தனாலையும் பட்டையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. குழப்பினால் லாபம் அடைபவர் டேங்கரின் சொந்தக்காரர். ‘கள்ளச்சாராயம்’ என்றதும் போலீஸ் ஜீப் மலை ஏறிவிடும். நான்கு பேரலை உடைத்துப் படம் எடுத்து அனுப்பும். ஆலையிலிருந்து கிளம்பிய மெத்தனாலின் கணக்குப் புத்தகத்தை யாரும் விரித்துப் பார்க்கமாட்டார்கள். கல்வராயன்மலை மக்களுக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இல்லாததைக் கேட்க, 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. சாராயத்தை விட்டால் வேறு பிழைப்பு என்ன வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

சாவுக்குப் பிறகு சட்டம் கடுமையானது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ச்சேதம் ஏற்படுத்தினால் ஆயுள் தண்டனை, குறைந்தது பத்து லட்சம் அபராதம் என்று ஆக்கினார்கள். நவம்பரில் வழக்கு சிபிஐக்கு மாற்றப்பட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு பத்து லட்சம் கொடுத்தது. அதைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வழக்கும் போடப்பட்டது. “குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” என்று வாட்ஸ்அப்பில் சிரித்தவர்கள் எண்ணிக்கையோ ஏராளம். தாய் தகப்பன் இருவரையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகள் அந்தச் சிரிப்பையும் படித்திருப்பார்கள்.

உயிர் தப்பியவர்கள் எல்லோரும் தப்பியவர்கள் இல்லை. மெத்தனால் தின்ற கண் திரும்பாது. மூட்டை தூக்கியவருக்குப் பார்வை போனால் அந்த வீட்டில் இரண்டு பேர் வேலையிழக்கிறார்கள், கூட இருந்து கைபிடித்து நடத்துபவரும் சேர்த்து.

அடுத்த சாவைத் தடுக்க உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மெத்தனாலுக்கு மருந்து உண்டு. ஃபோமெபிசோல் கொடுக்கலாம், அது இல்லாவிட்டால் மருத்துவர் மேற்பார்வையில் எத்தனால், கூடவே டயாலிசிஸ். சீக்கிரம் போனால் உயிரும் கண்ணும் பிழைக்க வாய்ப்பிருக்கிறது. நம் ஆட்கள் போவதில்லை. போனாலும் “சாப்பாடு ஒத்துக்கலை” என்கிறார்கள், கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில். ‘பாக்கெட் குடித்தேன்’ என்று டாக்டரிடம் சொல்பவர்மீது வழக்கு வராது என்று மாவட்ட ஆட்சியர் கையெழுத்துப் போட்டு, காலனி முகப்பிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு அறிவிப்பு ஒட்டலாம். செலவு, நான்கு ரீம் காகிதம்.